கரைக்கு அடியில் வந்த ஊற்று

ஜூன் 2

தம்பிக்கு,

நாலு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிடும். எனக்குப் பாதி நரைத்தாயிற்று. அதனால் நானே எழுதித் தொலைக்கிறேன். நீ வேலை செய்யும் சுரங்கப்பாதை முகாமில் போன் எடுக்காது, வாரத்துக்கு இரண்டு தடவை சாமான் லாரியோடு தபால் போகும் என்று லாரி ஆபீஸில் சொன்னார்கள். விலாசமும் அங்கேதான் வாங்கினேன்.

ஒரு நல்ல சேதி. எங்கள் தெருவுக்கு மேலே, மேட்டில், நீ பொக்லைன் ஓட்டிக் கட்டிக்கொடுத்த மழைநீர்க் குளம் இந்த வருஷக் கோடை மழையில்தான் முதல் தடவையாக நிரம்பியிருக்கிறது. இத்தனை வருஷமும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், இரண்டு மாதத்தில் வற்றிவிடும். இப்போது கரையின் தலைக்கு மூன்று அடி கீழே வரை தண்ணீர். ஏறிப் பார்த்தால் கண் நிறைகிறது. அதுமட்டும் இல்லை. போன வாரம் கரைக்கு அடியில், நம் தெருப் பக்கம், மண் ஈரமாக இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். மறுநாள் சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர். ஊற்று, தம்பி! வேலி போட்டு, புல் நட்டு, வரப்பு போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக முதுகை ஒடித்தோமே, நிலத்துக்குள் போன தண்ணீர் திரும்பி வருகிறது.

எங்கள் மண் நீர்ப் பாதுகாப்புக் குழுவில் பதினெட்டு பேரும் பூரித்துப்போயிருக்கிறோம். தலைவர் அச்சகக்காரர் சும்மா இருப்பாரா? "வறண்ட மண்ணில் ஊற்று" என்று நோட்டீஸே அடித்துவிட்டார். முப்பதாம் தேதி பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்க்கிறார். நீயும் வந்தால் நன்றாக இருக்கும்.

அந்தக் கரை கட்டும்போது, குழுக் கூட்டத்தில் நீ இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டபோது, "இவன் எந்த வேலையைத்தான் சொன்ன நேரத்துக்கு முடிச்சிருக்கான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அக்கா என்ற உரிமையில் சொன்னது. நீ அன்று சாயங்காலமே முடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் திறப்பு விழாவுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாய். நான் சொன்னது தப்புதான். போதுமா?

அத்தான் நலம். சுண்டு ஐந்தாம் வகுப்பு. மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். உன்னைப் போலவே மூக்கு, உன்னைப் போலவே வீம்பு.

அக்கா


ஜூன் 7

அக்கா,

கடிதம் கிடைத்தது. கேட்பதற்கு மட்டும் பதில் எழுது.

அந்தத் தண்ணீர் கரையின் எந்த இடத்தில் வருகிறது? மதகிலிருந்து எத்தனை அடி தள்ளி? காலால் அளந்து எழுது.

தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாகவா? கண்ணால் பார்த்துச் சொல்லாதே. உன் மருந்துக் கடையில் காலி பாட்டில் இருக்கும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஆட்டாமல் ஒரு நாள் வை. அடியில் மண் படிகிறதா என்று பார். தினமும் ஒரு பாட்டில், ஒரே நேரத்தில். மேலே தேதி எழுது.

அந்த இடத்தை யாரும் அடைக்கக் கூடாது. சிமெண்ட் பூசக் கூடாது. கல் அடுக்கக் கூடாது.

சுண்டு எந்த அறையில் தூங்குகிறாள்?

தம்பி


ஜூன் 12

தம்பி,

நாலு வருஷம் கழித்து ஒரு கடிதம். அதில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. போலீஸ் விசாரணை மாதிரி கேள்வி. படித்துவிட்டு அத்தானிடம் நீட்டினேன். "உன் தம்பிக்கு எழுதத் தெரிஞ்சதே பெரிசு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிக் கேள்வி ஏன் கேட்டாய்?

சரி, கேட்டதற்குப் பதில். மதகிலிருந்து வடக்கே என் காலுக்கு நாற்பத்தாறு அடி. கரை வளையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. தெருப் பெண்கள் குடத்தில் பிடித்துப் போகிறார்கள்.

இருமல் மருந்து பாட்டில் நாலைக் கழுவி வைத்தேன். ஒன்பதாம் தேதி பாட்டிலில் அடியில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். பத்தாம் தேதியும் அப்படியே. நேற்றுப் பிடித்ததில் நகத் தடிமனுக்கு மண். மஞ்சள் மண், கரையில் இருக்கிற அதே நிறம். கடையில் மருந்து வாங்க வந்தவர் ஒருவர், "என்ன மருந்துங்க இது, குலுக்கிக் குடிக்கணுமா?" என்று கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடைக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முதல்நாளே அடைத்தாகிவிட்டது. ஊற்று அழகாகத் தெரியட்டும் என்று வட்டமாகச் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, ஒரு குழாயும் வைத்துவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரர்தான் பூசினார். குழாயில் வருவது போக, இப்போது இரண்டு அடி தள்ளி இன்னொரு இடத்திலும் ஈரம்.

என்ன விஷயம் என்று சொல்லித் தொலை.

அக்கா


ஜூன் 16

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. அத்தானுக்கும் காட்டாதே.

அது ஊற்று இல்லை. கரை கசிகிறது.

நீ அளந்த நாற்பத்தாறு அடியில், கரைக்குள் ஒரு மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. பெரிய மரம். உங்கள் குழு வருவதற்கு முன்பே வெட்டிப்போட்டிருந்தார்கள், அடிக்கட்டை மட்டும் மண்ணில் இருந்தது. நான் கட்டி வந்த கரை நேராக அதன் மேலேதான் வந்தது. மரம் மட்கும் பொருள். கரைக்குள் இருந்தால் சில வருஷத்தில் வேர் அழுகி, வேர் இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது இது. அதை வேரோடு தோண்டி எடுக்கத்தான் இரண்டு நாள் கேட்டேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நீ அப்படிக் கேட்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. நேராக வண்டியில் ஏறினேன். அரை மணி நேரத்தில் அதன் மேலேயே மண்ணைத் தள்ளி, மிதித்து, மட்டம் பார்த்துவிட்டேன். 'இந்தா, முடிச்சுட்டேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

குளம் நிரம்பாதவரை ஆபத்து இல்லை. நிரம்பாது என்றே நினைத்தேன். ஒவ்வொரு மழைக்காலமும் செய்தித்தாளில் உங்கள் பக்கம் எவ்வளவு மழை என்று தேடிப் பார்ப்பேன். இதுதான் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம். வீம்பு இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: சிமெண்ட் வளையத்தை உடை. கசிகிற இடத்தில் ஒரு சாண் மணல், அதன் மேல் ஜல்லி போடு. தண்ணீர் வெளியே போகட்டும், மண் போகக் கூடாது. பிறகு மதகைத் திறந்து குளத்தை மெதுவாக இறக்க வேண்டும். ஒரே நாளில் இறக்கினாலும் கரை சரியும். மூன்று நான்கு நாள் ஆக வேண்டும்.

சுண்டுவை வேறு இடத்தில் தூங்க வை.

தம்பி


ஜூன் 20

தம்பி,

நீ சொன்னபடி கிழித்துவிட்டேன். கிழித்த பிறகுதான் எவ்வளவு பெரிய முட்டாள் வேலை செய்தேன் என்று புரிந்தது.

முதலில் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். உன் மேல் கோபத்தில் அழுதேனா, என் வாயை நினைத்து அழுதேனா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து வீடுகளை எண்ணினேன். கரைக்குக் கீழே நாற்பத்திரண்டு வீடுகள். நம் வீடு மூன்றாவது. முதல் வீட்டில் கைக்குழந்தை, இரண்டாவது வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர். இத்தனை வருஷம் அந்தக் கரை மேல் ஏறி நின்று காற்று வாங்கியிருக்கிறோம். இப்போது அதைப் பார்த்தாலே, யாரோ நம் தலைக்கு மேல் கையை ஓங்கிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது.

விடிந்ததும் நான் ஒருத்தியே போய் மணலும் ஜல்லியும் கொட்டினேன். சிமெண்ட் வளையத்தைக் கடப்பாரையால் பாதி உடைத்தேன். எட்டு மணிக்குள் தெருவே கூடிவிட்டது. "ஊத்து வாயில மண்ணப் போடுறியே, உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார்கள். நான் கொட்டியதை எல்லாம் வாரிப் போட்டுவிட்டு, சைக்கிள் கடைக்காரர் திரும்பவும் பூசிவிட்டார்.

அச்சகத்துக்குப் போனேன். மதகுச் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், சாவி அவர் மேஜையில்தான். கசிவு என்றேன், பாட்டில்களைக் காட்டினேன். வரிசையாக வைத்துப் பார்த்தார். "புது ஊத்துன்னா மொதல்ல கலங்கலாத்தாம்மா வரும்" என்றார். கரைக்குள் மரக்கட்டை இருக்கிறது என்றேன். "யார் சொன்னா?" என்றார். என் தம்பி என்றேன். "சண்டை போட்டுட்டுப் போனவன் நம்ம விழா நடக்கக் கூடாதுன்னு சொல்லுவான். எழுத்துல இருக்கா?" என்று கேட்டார். இல்லை. என் கையில் எதுவும் இல்லை. குளத்தைத் திறந்துவிட்டால் இந்தத் தெருவுக்கு ஒரு வருஷத் தண்ணீர் போச்சு. வெறும் வாய்ப் பேச்சை நம்பி அதை யார் செய்வார்கள்? அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

உன் கையெழுத்து வேண்டும். நீ செய்ததை நீயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு. இன்று பிடித்த பாட்டிலில் கட்டைவிரல் அளவுக்கு மண்.

சுண்டுவை அத்தானின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஏன் என்று அத்தான் கேட்டார். பள்ளிக்கூடம் பக்கம் என்று சொன்னேன். மற்ற நாற்பத்தொரு வீட்டுப் பிள்ளைகளை எங்கே அனுப்புவது?

அக்கா


ஜூன் 24

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

போன மாதம் இங்கே ஒரு மண்சரிவு. ஓட்டுநர் செய்த தவறு என்று எழுதினார்கள். அந்த ஓட்டுநர் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அவனைக் கூட்டிக்கொண்டு போன போலீஸ்காரர்கள் இன்னும் விடவில்லை. அவன் படுக்கை அப்படியே சுருட்டி வைத்திருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். நான் எழுதிக் கொடுத்தால் என் லைசென்ஸ் போகும். அதோடு நிற்காது. தெரிந்தே செய்தான் என்பார்கள். தெரிந்தேதான் செய்தேன்.

வேறு வழி இருந்தால் பார். கரையில் எலி வளை என்று சொல். பெருச்சாளி வளை என்றால் நம்புவார்கள். இல்லை, அந்த அதிகாரிக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுது. பூட்டை உடைத்தால் என்ன? சங்கிலியை அறுக்க வெல்டர் யாராவது இருப்பார்களே.

கரையின் தலையில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலோ, ஏதாவது ஓர் இடம் பள்ளம் விழுந்தாலோ, அதன் பிறகு யோசிக்க நேரம் இல்லை. எல்லாரையும் கிளப்பிவிடு. சாமான் எடுக்க விடாதே.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

தம்பி


ஜூன் 28

தம்பி,

பெருச்சாளியா? உனக்குப் பதிலாக ஒரு பெருச்சாளியைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறாயா? அதையும் செய்து பார்த்தேன். சைக்கிள் கடைக்காரர் கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு ஒரு வளைகூட இல்லை என்று சொல்லிவிட்டார். இப்போது நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

இரண்டு நாளாக மழை. இன்று காலை கரை மேல் ஏறினேன். நாற்பத்தாறாவது அடியில் ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம். நேற்று அங்கே இல்லை. உள்ளே கால் வைத்தேன், கணுக்கால்வரை இறங்கியது. காலை எப்படி எடுத்தேன், எப்படி இறங்கி வந்தேன் என்று நினைவில்லை. செருப்பு ஒன்று அங்கேயே கிடக்கிறது.

இன்று பதினோரு மணிக்கு அச்சகத்தில் விழாவுக்கான கூட்டம். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக அங்கேதான் போகிறேன். உன் கையெழுத்து வரும் வரை அந்தக் கரை காத்திருக்காது. எனக்கு வேறு ஒன்று தோன்றியிருக்கிறது. உனக்குச் சொல்லப் போவதில்லை.

அக்கா


ஜூன் 29

அக்கா,

உன் பதில் வருவதற்குள் இதை அனுப்புகிறேன். லாரி இன்றுதான் கிளம்புகிறது.

போன கடிதத்தைப் போட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இன்று வண்டியில் உட்கார்ந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தள்ளத் தள்ள, மண்ணுக்கு அடியில் சுண்டு இருக்கிறாள் என்று தோன்றிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், என்னால் லீவரைத் தொட முடியவில்லை.

கூட இருக்கும் தாளில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கட்டை இருக்கும் இடம், நான் மூடிய நாள், யாருக்கும் தெரியாது என்பது, எல்லாம். இங்கே கணக்கு எழுதுபவரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். அச்சகக்காரரிடம் கொடு. எல்லாரும் இருக்கும்போது சத்தமாகப் படிக்கச் சொல்.

தம்பி


ஜூலை 8

தம்பி,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தக் கட்டையை நீ மூடியதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். தம்பியாச்சே என்று நாலு வருஷமாக மறைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். பொய்தான். ஆனால் பாட்டிலை நம்பாதவர்கள், என் பேச்சை நம்பாதவர்கள், இதை உடனே நம்பிவிட்டார்கள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ. அச்சகக்காரர் எழுந்துவிட்டார். மேஜையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் தெருவைக் காலி செய்து எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மதகை நீ சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். மூன்றாவது நாள் மத்தியானம், குளத்தில் இடுப்பளவு தண்ணீர் மிச்சம் இருக்கும்போது, அந்த இடத்தில் கரை உட்கார்ந்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. முழங்கால் அளவு சேறு தெருவுக்குள் வந்தது. நம் வீட்டோடு சேர்த்து ஐந்து வீடுகளில் புகுந்தது. நிறைந்த குளமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கரை பிளந்த இடத்தில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குப் பொந்து. உள்ளே கட்டை இருந்த அடையாளமாகக் கறுப்பாகக் கொஞ்சம் தூள்.

அதன்பிறகு என்னிடம் யாரும் பேசுவதில்லை. முதல் வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "தெரிஞ்சே நாலு வருஷம் எங்களை அதுக்கு அடியில தூங்க வெச்சியேக்கா" என்றாள். மருந்து வாங்காமல் போய்விட்டாள். குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அத்தானும் நம்பிவிட்டார். "எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

உன் தாள் மூன்றாம் தேதி வந்தது. யாருக்கும் தெரியாது என்று நீயே எழுதியிருக்கிறாய், சாட்சிக் கையெழுத்தோடு. அதைக் காட்டினால் என் மேல் பழி இல்லை, ஆனால் இதுவரை என் வாய்ப் பேச்சாக மட்டும் இருந்தது உனக்கு எதிரான அத்தாட்சி ஆகிவிடும். நாலு நாள் கடையில் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். தண்ணீர் இறங்கியாயிற்று, யாரும் சாகவில்லை, பழி என் மேல் விழுந்தாயிற்று, இதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் அறையில் சுருட்டி வைத்த படுக்கையை நினைத்தேன். கிழித்துவிடலாம் என்று ஒரு தடவை கையில் எடுத்தேன்.

நேற்றுச் சுண்டு வீட்டுக்கு வந்தாள். சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது, "அம்மா, உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் என்னை இங்க தூங்க வெச்சியா?" என்று கேட்டாள். மற்ற எல்லாரிடமும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல முடியவில்லை. நான் தியாகி இல்லை, தம்பி. உனக்காக எதையும் செய்வேன் என்று நினைத்திருந்தேன், இதைச் செய்ய முடியவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கடைக்குப் போய் அந்தத் தாளை எடுத்து, அச்சகக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி விசாரணை, ஊற்றைப் பார்க்க வரவிருந்த அந்த அதிகாரியின் ஆபீஸில். உன்னை வரச் சொல்லி அங்கிருந்தும் எழுதுவார்கள். நீ வராமல் வேறு எங்காவது போய்விடலாம், உனக்கு ஊர் ஊராகப் போய்ப் பழக்கம். நான் கண்டுபிடித்துக் கொடுக்க மாட்டேன். இத்தனை நாள் கரைக்குப் பயந்தேன். இப்போது நீ வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். எது பெரிய பயம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அக்கா


ஜூலை 13

அக்கா,

வண்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளை நீ கொடுத்தது சரி. படித்ததும் பயந்தது உண்மை. ஆனால் சரி.

இதை லாரி ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். நான் பதினேழாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நம் வீட்டுக்கு வர அந்தத் தெருவில் இரண்டு வீட்டைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். என்னால் தனியாக நடக்க முடியும் என்று தோன்றவில்லை. தெரு முனைக்கு வா. யாரையும் கூட்டி வராதே. நீ மட்டும் வா.

தம்பி